மேற்கே பார்த்த வாசல்

ஒரு காட்டில், மலைச்சரிவில் சலசலத்து ஓடும் ஓடையின் கரையில், வயதான மருத மரம் ஒன்று நின்றது. அதன் உடம்பில், யானை தும்பிக்கையை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், ஒரு பொந்து இருந்தது. பொந்தின் வாசல் மேற்கே பார்த்திருந்தது. அந்தப் பொந்தில் ஆண்டுதோறும் குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்தியவன் பொன்மூக்கன் என்ற இருவாச்சி. அவன் மனைவியின் பெயர் வெண்கண்ணி.

இருவாச்சியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? முகத்தைவிட மூக்கு பெரிதாக இருக்கும். அந்த மூக்கு போதாதென்று அதன் மேல் இன்னொரு மூக்கைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு கொண்டை இருக்கும். பறந்தால் காடே திரும்பிப் பார்க்கும், அவ்வளவு சத்தம்.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாசியில் பனி விலகியதும் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். ஆண் பறவை ஈர மண்ணைக் கொண்டுவந்து கொடுக்கும். இருவரும் சேர்ந்து வாசலைப் பூசிப் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே போனவள் சிறகில் உள்ள இறகுகளை எல்லாம் உதிர்த்துவிடுவாள். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுக்கு இறகு முளைத்து, தனக்கும் புது இறகு வளரும்வரை மூன்று மாதம் வெளியே வரமாட்டாள். அதுவரை புருஷன் கீறல் வழியாக ஊட்டுவதுதான் அவளுக்குச் சாப்பாடு. அவன் வந்தால் உயிர் உண்டு, வராவிட்டால் இல்லை.

பொன்மூக்கன் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. ஒன்பது ஆண்டுகளாக நாளுக்கு மூன்று வேளை, அதே அத்தி மரத்தின் பழம், அதே பக்கமிருந்து வருகை. வந்ததும் அலகால் மரத்தில் இரண்டு தட்டுவான், அப்புறம்தான் ஊட்டுவான். ஒன்பது ஆண்டுகளில் ஒன்பது குஞ்சுகள் அந்த வாசலிலிருந்து பறந்து போயிருந்தன.

அவன் கெட்டவன் இல்லை. சொல்லப்போனால் அவ்வளவு பொறுப்பான புருஷன் அந்தக் காட்டிலேயே கிடையாது. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவனுக்கு ஒரே ஒரு குறை. புதிதாக எதைக் கண்டாலும் அவனுக்கு நெஞ்சு படபடக்கும். அத்தி மரத்துக்குப் போகும் வழியில் ஒரு கிளை முறிந்து கிடந்தால்கூட அன்று முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும். படபடப்பைப் பயம் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒழுக்கம் என்று பேர் வைத்துக்கொண்டான்.

பத்தாம் ஆண்டு மாசி மாதம் வந்தது. வெண்கண்ணி பொந்துக்குள் போகும் நாள் நெருங்கியது. அப்போதுதான் உளியன் என்ற மரங்கொத்தி வந்து சேர்ந்தான். உளியன் அதிகம் பேசமாட்டான். மரத்தைத் தட்டுவான், காது கொடுப்பான், கேட்டதைச் சொல்வான், போய்விடுவான். அன்று மருத மரத்தை அடியிலிருந்து மேல்வரை தட்டிப் பார்த்துவிட்டு, பொன்மூக்கன் இருந்த கிளைக்கு வந்தான்.

"இருவாச்சியாரே, இந்த ஆண்டு இந்த மரம் வேண்டாம். அடியில் கிழக்குப் பக்கம் முழுக்கக் கறையான் தின்றுவிட்டது. பட்டை மட்டும்தான் நிற்கிறது."

பொன்மூக்கனுக்கு நெஞ்சு படபடத்தது. "ஒன்பது ஆண்டாக நிற்கிற மரம் இது" என்றான்.

"விழுகிற மரம் எல்லாம் முந்தின நாள்வரை நின்ற மரம்தான்."

ஓடைக்கு அக்கரையில் ஒரு வெண்தேக்கு இருப்பதாகவும், அதில் நல்ல பொந்து ஒன்று காலியாகக் கிடப்பதாகவும், தட்டிப் பார்த்ததில் வேர்வரை கணீரென்று கேட்டதாகவும் உளியன் சொன்னான். பொன்மூக்கன் வேண்டாவெறுப்பாக ஒருமுறை பறந்து போய் அதைப் பார்த்தான். பார்த்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. எதிர்க் கிளையில் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

"வாசல் கிழக்கே பார்த்திருக்கிறது" என்றான், எல்லாம் முடிந்துவிட்டது என்பதுபோல. "எங்கள் வாசல் மேற்கே."

கிழக்கே பார்த்தால் என்ன ஆகும் என்று உளியன் கேட்டான். பொன்மூக்கனுக்குக் கோபம் வந்தது. புழு பொறுக்குகிறவனுக்குக் குடும்பம் நடத்துகிறவனின் கவலை தெரியுமா என்று ஏதேதோ பேசி உளியனை அனுப்பிவைத்தான்.

வெண்தேக்கில் செவலி என்ற மலை அணில் இருந்தாள். அவள் குணம் பொன்மூக்கனுக்கு நேர் எதிர். ஒரே ஆண்டில் ஆறு கூடு கட்டுவாள். நாலு நாள் ஒன்றில் தூங்குவாள், மூன்று நாள் இன்னொன்றில் தூங்குவாள், எந்தக் கூட்டில் எதை வைத்தோம் என்று தேடிக்கொண்டே அலைவாள். அவளும் ஓடிவந்து, அக்கரைக்கு வந்துவிடுங்கள் அண்ணே, அண்ணிக்கு நான் துணையாக இருப்பேன் என்றாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தாலாவது அவன் யோசித்திருப்பானோ என்னவோ. இவள் சொல்கிறாள் என்றால் அது தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக முடிவு செய்துவிட்டான்.

வெண்கண்ணி தானே பறந்துபோய் அந்தப் பொந்தைப் பார்த்துவிட்டு வந்தாள். உள்ளே நுழைந்து, திரும்பி, உட்கார்ந்துகூடப் பார்த்திருந்தாள்.

"நன்றாக இருக்கிறது. தரை காய்ந்திருக்கிறது. காலை வெயில் உள்ளே வரும்" என்றாள். அவள் குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது.

பொன்மூக்கனுக்கு அந்த ஆசை கேட்கவில்லை. வழக்கத்தை மாற்றச் சொல்கிறாள் என்பது மட்டும்தான் கேட்டது. மூன்று நாள் அவள் எடுத்துச் சொன்னாள். மூன்று நாளும் அவன் ஒரே பதிலைச் சொன்னான். நான்காம் நாள் அவள் வயிற்றில் முட்டை கனத்தது. இனி வாதாட நேரமில்லை. ஒன்பது ஆண்டு தன்னைக் கைவிடாதவன், பத்தாம் ஆண்டு மட்டும் கைவிடவா போகிறான் என்று நினைத்துக்கொண்டு, மருத மரத்துப் பொந்துக்குள் போனாள். மண் பூசினார்கள். வாசல் அடைபட்டது.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று வேளை, இரண்டு தட்டு, அத்திப் பழம். அப்புறம் ஒருநாள், பழத்தை வாங்கிக்கொண்ட வெண்கண்ணி கீறலை விட்டு நகரவில்லை. கீழே இருந்து ஏதோ கரகரவென்று அரைக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கிறது, நாளுக்கு நாள் மேலே ஏறி வருகிறது என்றாள். கறையான் இல்லாத மரம் காட்டில் ஏது, பத்தாவது தடவை உள்ளே இருக்கிறாய், புதிதாக வந்தவள்போல் பேசாதே என்று பொன்மூக்கன் சிரித்தான். அவள் இறகுகள் ஏற்கெனவே உதிர்ந்து பொந்தின் அடியில் கிடந்தன.

பங்குனி கடைசியில் குஞ்சு பொரித்தது. அதன் கீச்சுக் குரலைக் கேட்டுப் பொன்மூக்கனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்தச் செய்தியை உளியனுக்கும் செவலிக்கும் கேட்கும்படி சத்தமாகக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பழத்துக்குப் போனான்.

அந்த வாரத்தில் வெண்கண்ணி ஒன்று சொன்னாள். முன்பெல்லாம் கீறல் வழியாகப் பார்த்தால் எதிர் மலை தெரியும், இப்போது வானம்தான் தெரிகிறது என்றாள்.

கிழக்கே சாய்கிற மரத்தில், மேற்கே பார்த்த வாசல் வானத்தைத்தான் பார்க்கும். சின்னக் குழந்தைக்கும் புரியும். பொன்மூக்கனும் ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருந்தான். முன்பு நகத்தை ஊன்றிச் செங்குத்தாகத் தொங்கவேண்டியிருந்த இடத்தில், இப்போது வயிற்றை மரத்தின் மேல் சாய்த்து நிம்மதியாக உட்கார முடிந்தது. பத்து ஆண்டு பழகினால் எவ்வளவு கடினமான வேலையும் சுலபமாகிவிடும் என்று நினைத்து மகிழ்ந்தான். மரம் சாய்ந்ததை அவன் கால்கள் அறிந்திருந்தன, வயிறு அறிந்திருந்தது. தலைக்குள் மட்டும் அது போகவே இல்லை.

சித்திரை பிறந்தது. குஞ்சுக்குப் பத்து நாள் வயது. உடம்பில் ஓர் இறகுகூட இல்லை. அன்று காலையிலேயே மேற்கு மலைக்குப் பின்னால் மேகம் கருத்துத் திரண்டது. கோடை மழை வரப்போகிறது என்று காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. உளியன் மறுபடி வந்தான். இந்தத் தடவை செவலியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

சுவரை இப்போதே உடைத்துவிடலாம் என்றான் உளியன். வெண்கண்ணியால் பறக்க முடியாது, ஆனால் கிளை கிளையாகத் தத்தி இறங்க முடியும். குஞ்சைச் செவலி வாயில் கவ்விக்கொண்டு தன் கூட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். ஆறு கூட்டில் இரண்டு காலியாகத்தான் இருக்கிறது, அண்ணி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றாள் செவலி. அன்று அவள் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து பேசினாள்.

"குஞ்சுக்கு இறகு முளைக்காமல் சுவரை உடைப்பதா?" என்றான் பொன்மூக்கன். "பாம்பு வரும். மரநாய் வரும். இந்தச் சுவர் சும்மா வைத்ததா?"

"பாம்பு வரலாம், வராமலும் இருக்கலாம். காற்று இன்று வரப்போகிறது" என்றான் உளியன்.

சொல்லிக்கொண்டே மண் சுவரில் ஒரு கொத்துக் கொத்தினான். பொன்மூக்கன் பாய்ந்து அவனை அடித்துத் தள்ளினான். அந்தப் பெரிய மூக்கின் முன்னால் உளியன் எம்மாத்திரம்? சிறகில் அடிபட்டு, இரண்டு மூன்று இறகு உதிர, பக்கத்து மரத்துக்கு ஒதுங்கினான்.

அப்போது உள்ளே இருந்து சத்தம் வந்தது. டக், டக், டக். வெண்கண்ணி தானே சுவரைக் கொத்திக்கொண்டிருந்தாள். கீறலின் ஓரத்தில் மண் பெயர்ந்து விழுந்தது. கீறல் இரண்டு விரல் அகலம் ஆனது.

பொன்மூக்கன் என்ன செய்தான் தெரியுமா, பிள்ளைகளே? ஓடைக்கு இறங்கினான். வாய் நிறைய ஈர மண்ணை அள்ளிக்கொண்டு வந்தான். அவள் உடைத்த இடத்தை வெளியிலிருந்து பூசினான். அவள் கொத்தக் கொத்த அவன் பூசினான். அவளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவன் நம்பினான். கண்ணில் நீர் வரும் அளவுக்கு நம்பினான்.

"உடைக்க விடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள் வெண்கண்ணி உள்ளிருந்து.

"ஒன்பது ஆண்டில் ஒருநாள், ஒரே ஒரு வேளை, உன்னைப் பட்டினி போட்டிருக்கிறேனா?"

"இல்லை."

"பிறகு ஏன் என்னை நம்பமாட்டேன் என்கிறாய்?"

அவனை நம்பவில்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்? அவள் பயந்தது மரத்துக்கு. மரத்துக்குப் பயப்படுகிறேன் என்று சொன்னால் அது அவனைக் குறை சொல்வதாக அவன் காதில் விழுகிறது. அலகும் வலித்தது. காலுக்கடியில் குஞ்சு பசியில் கத்தியது. கொத்துவதை நிறுத்திவிட்டாள். பொன்மூக்கன் கடைசிப் பிடி மண்ணையும் பூசி, மூக்கால் தடவி வழவழப்பாக்கினான்.

மத்தியானம் காற்று தொடங்கியது. மூன்றாம் வேளைப் பழத்துக்குப் போகும் நேரம் ஆகிவிட்டது. இந்தக் காற்றில் போகாதீர்கள் அண்ணே, அங்கேயே அண்ணி பக்கத்தில் இருங்கள் என்று செவலி அக்கரையிலிருந்து கத்தினாள். பொன்மூக்கன் ஒருமுறை மரத்தைப் பார்த்தான். ஒரு நொடி, ஒரே நொடி, அவனுக்கே என்னவோபோல் இருந்தது. ஆனால் மூன்றாம் வேளை தவறியதே இல்லை. அது இன்று தவறினால் அப்புறம் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பறந்தான்.

அத்தி மரத்தில் கிளைகள் சுழன்றன. தட்டுத்தடுமாறி ஏழு பழங்களைப் பறித்துத் தொண்டையில் சேர்த்துக்கொண்டான். நாலு குஞ்சுக்குச் சமமாகத் தின்னும் பிள்ளை என்று நினைத்துக்கொண்டான். திரும்பும்போது காற்று மேற்கிலிருந்து முதுகில் அறைந்து அவனைத் தள்ளிக்கொண்டு வந்தது. மழை கண்ணை மறைத்தது. வழக்கமாக மரம் நிற்கும் இடத்துக்கு வந்து, வழக்கம்போலச் சிறகை மடக்கி உட்காரப் போனான். உட்கார அங்கே எதுவும் இல்லை.

மருத மரம் ஓடையின் குறுக்கே கிழக்கே பார்க்க விழுந்து கிடந்தது. அதன் உச்சி அக்கரையில் வெண்தேக்கின் காலடியில் கிடந்தது. வேர் இருந்த இடத்தில் மரத்தூள்தான் இருந்தது. மழை அதையும் கரைத்துக்கொண்டிருந்தது. பொந்தின் வாசல் வானத்தைப் பார்த்திருந்தது.

பொன்மூக்கன் அதன் மேல் இறங்கினான். இரண்டு தட்டுத் தட்டினான். உள்ளே இருந்து அவள் அலகு வரவில்லை. மறுபடி இரண்டு தட்டினான். அப்புறம்தான் சுவரைக் கொத்தத் தொடங்கினான்.

காலையில் அவன் பூசிய மண் இன்னும் காயவே இல்லை. இரண்டு கொத்தில் பெயர்ந்தது. அதற்கு அடியில் இருந்த பழைய சுவர் எட்டு, பத்துக் கொத்தில் உடைந்து விழுந்தது. ஓர் அத்திப் பழத்தைத் தின்னும் நேரம். உடைக்கவே கூடாது என்று நாள் முழுக்கக் காவல் காத்த சுவர், உடைபட அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டது.

வெண்கண்ணி உள்ளே சிறகை விரித்துக் கவிழ்ந்து கிடந்தாள். இறகில்லாத சிறகு. அவள் உடம்பு இன்னும் சூடாக இருந்தது, ஆனால் அவள் இல்லை. அவளுக்கு அடியில், உதிர்ந்த இறகுக் குவியலுக்குள்ளே, குஞ்சு உயிரோடு கத்திக்கொண்டிருந்தது.

செவலி மழையில் ஓடிவந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. குஞ்சைக் கவ்வினாள், வெண்தேக்கில் ஏறினாள், தன் கூட்டில் வைத்துத் தன் வாலால் மூடினாள். பொன்மூக்கன் விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தான். தொண்டையில் இருந்த ஏழு பழங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வெண்கண்ணியின் அலகுக்குப் பக்கத்தில் வைத்தான். அவனுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. மழை நின்றபிறகு ஓடை பெருகி, பொந்துக்குள் புகுந்து, பழங்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனது.

அடுத்த நாள் முதல் அவன் குஞ்சுக்கு ஊட்டினான். திறந்த கூட்டில், சுவரில்லாமல், கிடைத்த மரத்துப் பழத்தை, கிடைத்த நேரத்தில். பாம்பு வரவில்லை. மரநாய் ஒருநாள் வந்தது, உளியனும் செவலியும் சேர்ந்து கத்தி விரட்டினார்கள். ஆடி மாதம் குஞ்சு பறந்தது. வெண்கண்ணியைப் போலவே கண் வெளுத்த பெண் குஞ்சு. மழைக்காலம் முடிந்ததும் அது மலைக்கு அப்பால் போய்விட்டது.

மறுபடி மாசி வந்தது. பொன்மூக்கன் உளியனைத் தேடிப் போனான். அடித்துத் துரத்திய நாளுக்குப் பிறகு அவனிடம் இவனாகப் பேசியது அன்றுதான். வெண்தேக்கைத் தட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டான். எதற்கு என்று உளியன் கேட்கவில்லை. அடியிலிருந்து பொந்துவரை தட்டிக்கொண்டே ஏறினான்.

"நல்ல மரம். உன் காலத்துக்கும் நிற்கும், உன் மகள் காலத்துக்கும் நிற்கும்" என்றான்.

பொன்மூக்கன் பொந்தின் வாசலில் உட்கார்ந்து முதல்முறையாக உள்ளே எட்டிப் பார்த்தான். தரை காய்ந்திருந்தது. காலை வெயில் உள்சுவர்வரை போய் விழுந்திருந்தது. மண்ணில், போன ஆண்டு அவள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன இடத்தில், ஒரு சின்ன இறகு கிடந்தது.

"வாசல் கிழக்கேதான் பார்த்திருக்கிறது" என்றான் பொன்மூக்கன்.

"ஆமாம்" என்றான் உளியன்.

"பார்த்தால் என்ன" என்றான் பொன்மூக்கன்.

அந்த வார்த்தையைக் கேட்க ஆசைப்பட்டவள் அங்கே இல்லை.

நீதி: பழைய வழக்கம் காப்பாற்றாது என்று கண்ணெதிரே தெரிந்த பிறகும் அதை மாற்ற மறுப்பவன், தன்னை நம்பி இருப்பவர்களை இழந்த பிறகே மாறுவான்.